கழுத்தில் மஞ்சள் இல்லாத பாம்பு

பாம்பு விற்கிற கடையில் வேலை என்றால் பாம்பு கடிக்குமா என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். கூட வேலை செய்கிறவளைப் பார்த்து வயிறு எரியுமா என்று ஒருத்தரும் கேட்பதில்லை. பக்கத்தில் நிற்கிறவளை முதலாளி புகழ, சிரித்த முகமாய்க் கேட்டுக்கொண்டு நின்ற அனுபவம் உங்களுக்கும் இருக்கும். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வயிற்றில் இருக்கு விஷயம்

கடை ஜொகூர் பக்கம், பெர்மாஸ் ஜெயாவில். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள், பெட்டி கழுவத்தான் சேர்ந்தேன். எங்களிடம் அதிகம் போவது கார்ன் பாம்பு. விஷம் கிடையாது, சாது. எல்லாம் ஒரே பாம்புதான், ஆனால் சிவப்பு, சாம்பல், வெள்ளை, வரி, வட்டம் என்று சேலைக்கடை மாதிரி ரகம் ரகமாய் வரும். ரகத்துக்கு ஒரு பேர்.

பெட்டி கழுவணும் என்றால் பாம்பைக் கையில் தூக்கணும். தூக்கினால் வயிறு தெரியும். மற்றதுக்கெல்லாம் வயிற்றில் கறுப்புக் கட்டம் கட்டமாய் இருக்கும். மோட்லி என்கிற ரகத்துக்கு மட்டும் ஒன்றும் இருக்காது, வெறும் வெள்ளை. முதலாளி மோகன் அண்ணன் முதுகை மட்டும் பார்த்து ஒரு மோட்லியின் பெட்டியில் தப்பாய்ப் பேர் எழுதியிருந்தார். பயந்துகொண்டே சொன்னேன். அன்றிலிருந்து பேர் எழுதுகிற மார்க்கர் பேனா என் ஏப்ரன் பையில்.

சிங்கப்பூரில் வேலை செய்கிற ஒருத்தர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவார். ஒரு நாள் என் பேரைக் கேட்டார். தரையைப் பார்த்தேன். பாம்பின் பேரைக் கேட்டார். சொன்னேன். அவர் அண்ணனிடம் சொன்னது: "சொந்தப் பேரைக் கேட்டா வாயத் திறக்க மாட்டேங்குது, பாம்பு பேரைக் கேட்டா பட்டுன்னு சொல்லுது லா."

பேனா போன கதை

மூன்று வருஷம் கழித்து ஷாலினி வந்தாள். காலேஜ் படித்தவள், இங்கிலீஷ் தண்ணீராய் ஓடும். பாம்பைத் தோளில் போட்டுக்கொண்டு போனில் வீடியோ எடுப்பாள். வந்த ஒரு வாரத்தில் ஒவ்வொரு ரகத்துக்கும் அப்பா அம்மா என்ன நிறம், குட்டி என்ன நிறத்தில் வரும் என்று கணக்காய்ச் சொன்னாள். எனக்கு அதெல்லாம் தெரியும், வாய்விட்டுச் சொன்னதில்லை, அவ்வளவுதான். வாடிக்கைக்காரர்கள் என்னைத் தாண்டி அவளிடம் போனார்கள். ஞாயிற்றுக்கிழமைக்காரரும் போனார்.

ஒரு நாள் நான் தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அண்ணன் வந்து கை நீட்டினார். "பேனாவைக் குடும்மா, ஈரக் கையோட நீ எதுக்குக் கஷ்டப்படுற, ஷாலினி எழுதட்டும்."

கஷ்டப்படுவதாக நான் எப்போது சொன்னேன்?

என் மகளும் அந்தப் பக்கம்

என் மகள் கவினாவுக்கு நாலு வயசு. தடிக்கா என்கிற பாலர் பள்ளி முடிந்ததும் வேன்காரர் கடையில் இறக்கிவிடுவார். முன்னே என் காலடியில் உட்கார்ந்து வரைவாள். இப்போது ஷாலினி மேசையில். ஷாலினியின் ஹேர் கிளிப் என் மகள் தலையில்.

ஒரு நாள் கவினா வெள்ளையாய் ஒரு பாம்பைக் காட்டி என்ன பேர் என்று கேட்டாள். கையில் சோப்பு, இரு சொல்கிறேன் என்றேன். அதற்குள் அவள், "உனக்குத் தெரியாட்டி பரவால்லம்மா, ஷாலினி அக்காகிட்ட கேட்டு வந்து சொல்றேன்."

தலையை ஆட்டினேன்

தங்காக் ஊரில் துணிக்கடை வைத்திருக்கிற ஒரு பெரியவர் வந்தார். வீட்டில் சார்க்கோல் ரகத்தில் பெண் பாம்பு இருக்கிறது, அதே ரகத்தில் ஆண் வேண்டும், குட்டியெல்லாம் அதே சாம்பலில் வரணும் என்றார்.

இங்கேதான் கவனிக்கணும். சார்க்கோலும் சாம்பல், அனெரி என்கிற ரகமும் சாம்பல். வளர்ந்த அனெரிக்குக் கழுத்தில் மஞ்சள் தெரியும், சார்க்கோலுக்குத் தெரியாது. இரண்டையும் ஜோடி சேர்த்தால் குட்டி ஒன்றுகூடச் சாம்பலில் வராது, எல்லாம் சாதாரணச் சிவப்புதான்.

அன்று காலையில் வந்த ஆண் பாம்பின் கழுத்தில் மஞ்சள் இல்லை. ஷாலினி சார்க்கோல் என்று எழுதினாள். நான் பெட்டிக்குத் தண்ணீர் வைக்கும்போதே பார்த்துவிட்டேன், அதன் கண் பால் ஊற்றினது போல வெளுத்திருந்தது. தோல் உரிக்கப் போகிற பாம்பு. அந்த நேரத்தில் எல்லா நிறமும் மங்கித்தான் கிடக்கும். அது உரித்த பிறகுதான் பேர் எழுதணும்.

ஷாலினி திரும்பி, "சரிதானே அக்கா?" என்று கேட்டாள். என் கண் அவள் சட்டைப் பையில் இருந்த பேனாமேல் இருந்தது. தலையை ஆட்டினேன். பெரியவர் என்னைச் சந்தேகமாய்ப் பார்த்தார். மோகன் அண்ணன் சிரித்தார். "கூச்சக்காரி அவ, ஆனா அவ தலைய ஆட்டினா நூத்துக்கு நூறு சரி."

மஞ்சள் பூசினது போல

பத்து நாள் கழித்துப் பெரியவர் பாம்பைத் துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்தார். தோல் உரித்திருந்தது. கழுத்தில் மஞ்சள் பூசிவிட்டது போலப் பளிச்சென்று இருந்தது. அவர் கோபப்படவில்லை, மேசைமேல் வைத்துவிட்டுச் சும்மா நின்றார். எனக்கு அது இன்னும் பயமாய் இருந்தது.

இந்த நாளுக்காகத்தான் காத்திருந்தேன். இனி அவளுக்கு ஏச்சு விழும் என்று தொட்டியைத் தேய்ப்பதுபோல் காதைக் கொடுத்தேன். அண்ணன் அவளைப் பார்த்தார். அவள் என் பேரை இழுக்கவே இல்லை. அக்கா பாவம், தூரத்தில் நின்று பார்த்தாங்க, எழுதினது நான்தான் என்றாள்.

சோப்புக் கையைத் துடைக்காமலே போய், "கண்ணு வெளுத்திருந்தத நான் பார்த்தேன். தெரிஞ்சேதான் தலைய ஆட்டினேன்" என்றேன். இத்தனை வருஷத்தில் அந்தக் கடையில் நான் சத்தமாய்ப் பேசினது அதுதான். அண்ணன் பெரியவருக்கு உண்மையான சார்க்கோல் வரவழைத்துக் கொடுப்பதாகச் சொல்லி அனுப்பினார்.

சாயங்காலம் ஷாலினி கவினாவின் தலையில் இருந்த கிளிப்பைச் சரிசெய்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "அடுத்த தடவ திட்டிருங்கக்கா, தாங்கிக்குவேன். தலைய மட்டும் ஆட்டாதீங்க."

இப்போது நான் பாம்பைத் தூக்கிப் பேரைச் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள்; அவள் எழுத்து என் எழுத்தைவிட அழகாய் இருக்கிறது என்பதைத்தான் இன்னும் என்னால் தாங்க முடியவில்லை.