சகலையின் டிபன் டப்பா

லிஃப்ட்காரருக்கும் அவருடைய சகலைக்கும் ஒரே அலுவலகத்தில், ஒரே நாளில் வேலை கிடைத்தது. அக்காவைக் கட்டியவருக்கு லிஃப்ட்டும் ஸ்டூலும். தங்கையைக் கட்டியவருக்கு ஆறு மாடிக்கும் கோப்பு சுமக்கிற வேலை. கோப்புக்காரர் படியில்தான் ஏற வேண்டும் என்பது அந்த அலுவலகத்துச் சட்டம். "உக்காந்த இடத்திலேயே மேலோகம் போய்ட்டு வர்றீங்க, அண்ணே" என்று சகலை பெருமூச்சு விடும்போதெல்லாம் லிஃப்ட்காரருக்கு வயிறு குளிரும்.

இருபது வருஷத்தில் அந்த வயிறு நன்றாகவே வளர்ந்தது. யாருக்குப் பதவி உயர்ந்தாலும், யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும் முதல் இனிப்பு லிஃப்ட்டில் இருப்பவருக்குத்தான். பத்தரைக்கும் நாலுக்கும் சர்க்கரை தூக்கலாக இரண்டிரண்டு டம்ளர் தேநீர். கடைசியில், அவர் ஸ்டூலில் உட்கார்ந்ததும் லிஃப்ட் சற்று யோசித்துவிட்டுத்தான் கிளம்பியது என்றால் நம்புங்கள்.

அந்த வருஷம் அலுவலகத்தில் மருத்துவ முகாம் போட்டார்கள். லிஃப்ட்காரருக்கு ரத்தத்தில் சர்க்கரை எகிறியிருந்தது. மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டர், இனிப்பை நிறுத்தி, நடக்கச் சொன்னார். மூன்று மாதத்தில் குறையாவிட்டால் தினமும் இன்சுலின் ஊசி என்றார். ஊசி என்றால் லிஃப்ட்காரருக்கு உயிரே போய்விடும். ஆனால் அதைவிட ஆழமாகக் குத்தியது சகலையின் பரிசோதனைச் சீட்டு. அதில் எல்லாம் சரியாக இருந்தது. ஒரே வயது, குடியிருப்பதும் ஒரே மாமனார் வீட்டில். இவனுக்கு மட்டும் எப்படி?

பொறாமை அவரை ஒரு வாரம் தின்றது. பிறகு அவர் தின்னத் தொடங்கினார், சகலையின் சாப்பாட்டை. ரகசியம் அந்த டப்பாவில்தான் இருக்கிறது, கொழுந்தியாள் புருஷனுக்கு மட்டும் ஏதோ தனியாகச் செய்து கொடுக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டார். இரண்டு டப்பாவும் ஒரே மாதிரி இருந்தது வசதியாகப் போயிற்று. ஆனால் சகலையின் டப்பா ஆறாவது மாடியில், கோப்பு அறையில் இருந்தது. லிஃப்ட்டில் போனால் மணி அடித்துக் காட்டிக்கொடுத்துவிடும். எனவே பத்தரைக்கு 'பழுது' பலகையை மாட்டிவிட்டுப் படியேறி டப்பாவை மாற்றுவார். நாலு மணிக்கு மறுபடி ஏறிக் காலி டப்பாவை வைத்துவிட்டு வருவார். இரண்டு வேளைத் தேநீரும், கூட வரும் இனிப்பும் கைநழுவிப் போயின.

மூன்று மாதம் கழித்து டாக்டர் சீட்டை இரண்டு முறை பார்த்தார். மாத்திரையால் மட்டும் சர்க்கரை இவ்வளவு இறங்கியிருக்காது, நடக்கிறீர்களா என்று கேட்டார். ஸ்டூலை விட்டு இறங்கியதே இல்லை என்று லிஃப்ட்காரர் கௌரவமாகச் சொன்னார்.

பக்கத்தில் நின்ற சகலை தொண்டையைச் செருமினார். "தினம் ரெண்டு தடவை ஆறு மாடி ஏறுறார், டாக்டர். என் டப்பாவைத் திருட. மூச்சு வாங்குற சத்தம் அடுத்த கட்டடம் வரைக்கும் கேக்குது." பிறகு இவரிடம் திரும்பினார். "அக்காவும் தங்கச்சியும் ஒரே அடுப்புல, ஒரே சட்டியிலதான் சமைக்கிறாங்க. சமையல்கட்டுப் பக்கம் ஒருநாள் எட்டிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்ல, அண்ணே?"

டாக்டர் சிரித்து, இப்போதைக்கு ஊசி வேண்டாம் என்று லிஃப்ட்காரரின் முதுகைத் தட்டிக்கொடுத்தார். சகலையின் முகம் சுண்டிப்போயிற்று. "நான் இருபது வருஷமா ஏறுறேன். என் முதுகை யாராவது தட்டினாங்களா?"

மறுநாள் பத்தரைக்குச் சகலை வந்து, கோப்புக்கட்டைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். லிஃப்ட்காரர் அந்தக் கட்டைத் தூக்கிக்கொண்டு படியேறினார். மூன்றாவது மாடியில் மூச்சு வாங்க நின்றபோது, கீழே இனிப்புப் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. இன்னொன்று எடுத்துக்கொள்ளலாமா என்று சகலை கேட்பதும் கேட்டது.

லிஃப்ட்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு நாலாவது மாடிக்கு ஏறினார்.