அது நான் பேசுனதுதான்

போன வருடம் ஈஸ்டர் முடிந்து, விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் தொடங்கியிருந்த சமயம். தூத்துக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊரில் எங்கள் வீடு. நான் துறைமுகத்தில் ஒரு சரக்கு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். என் வீட்டுக்காரர் பைபர் வள்ளத்தில் போய் நண்டு வலை போடுகிறவர். கடலில் நிதானமானவர், கரையில் முன்கோபி. கல்யாணமான புதிதில் அதை மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். பிறகு, கடலிலாவது நிதானமாக இருக்கிறாரே, அது போதும் என்று விட்டுவிட்டேன்.

நான் பிறந்தது அதே கரையில் தெற்கே இருக்கும் இன்னோர் ஊர்; எங்கள் பக்கம் தெற்கூர் என்பார்கள். என் தம்பி அங்கே வள்ளம் வைத்திருக்கிறான். இரண்டு ஊருக்கும் ஒரே கடல்தான், அதனால் வம்புக்கும் குறைவில்லை.

அன்று காலையில் கடலுக்குப் போன இவர் வெறும் வள்ளத்தோடு திரும்பி வந்தார். முந்தின நாள் போட்ட வலையின் மிதவைக் கயிறுகளை யாரோ அறுத்திருந்தார்கள். மிதவை போய்விட்டால் வலை எங்கே கிடக்கிறது என்றே தெரியாது. எங்கள் ஊரில் இன்னும் சிலருக்கும் அதே கதி. தெற்கூர் வள்ளங்கள் வலை மேலே ஓட்டி அறுத்துவிட்டன என்று கரையெல்லாம் பேச்சு. சோறு போட்டு வைத்தேன். தட்டைத் தொடாமல் போனைக் கையில் எடுத்தார்.

எங்கள் ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் யாரும் டைப் அடிப்பதில்லை. ஈரக் கையோடு இருப்பவர்களுக்கு அதெல்லாம் சரிப்படாது. எல்லாமே வாய்ஸ் மெசேஜ்தான். மீன் விலையும் சரி, சாவுச் செய்தியும் சரி, சண்டையும் சரி, குரலாகத்தான் வரும். இவரும் பட்டனை அழுத்திப் பேசினார்.

“தெற்கூர்க்காரன் வள்ளம் இனி நம்ம பக்கம் வந்தா ஆளோட சேத்து கடல்ல முக்குங்கலே. எவன் வந்து கேக்கான்னு பாப்போம்.”

அதற்குப் பிறகு அந்த ஊர்ப் பெண்களைப் பற்றிச் சொன்னதை நான் எழுத மாட்டேன். அந்த ஊர்க்காரியான நான் குழம்புக் கரண்டியோடு எதிரிலேயே நின்றுகொண்டிருந்தேன். “என் தம்பியையும் சேத்தா முக்கணும்?” என்று கேட்டேன். அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கரைக்குக் கிளம்பிவிட்டார்.

மத்தியானத்துக்குள் அந்தக் குரல் தெற்கூருக்குப் போய்விட்டது. யார் அனுப்பினார்கள் என்று கேட்டால் எல்லாரும் அடுத்தவரைக் கைகாட்டினார்கள். மறுநாள் அங்கிருந்து கிளம்பிய வள்ளங்களில் கம்பும் அரிவாளும் ஏற்றினார்களாம். எங்கள் ஊர் இளவட்டங்களும் சும்மா இருக்கவில்லை. இரண்டு ஊர் தேவாலயப் பங்குச் சாமியார்களும் பேசி, யாரும் கடலுக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமையில் சமாதானக் கூட்டத்துக்கு ஏற்பாடு செய்தார்கள். முதலில் அந்த ஆடியோவுக்குப் பதில் வேண்டும், இல்லாவிட்டால் கூட்டத்துக்கு வர மாட்டோம் என்று தெற்கூர்க்காரர்கள் சொல்லிவிட்டார்கள்.

இதற்கு நடுவில் எங்கள் ஊர் மீனவர் சங்கத் தேர்தல் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. இவர் தலைவர் பதவிக்கு நின்றார். இவருடைய கூட்டாளி வீட்டுக்கு வந்து ஒரு யோசனை சொன்னார்.

“ஏலே, எதுக்கு மண்டயப் போட்டு உடைக்க? அது ஏஐ செஞ்ச குரல்னு சொல்லிரு. இப்ப பெரிய பெரிய ஆளெல்லாம் அப்படித்தான சொல்லுதாவ.”

அவர் சொன்னதில் அர்த்தம் இருந்தது. எங்கள் ஆபீஸிலேயே ஒரு பையன் ஏஐ வைத்து மேனேஜர் குரலில் ‘நாளைக்கு எல்லாருக்கும் லீவு’ என்று செய்து காட்டி எங்களைச் சிரிக்க வைத்திருக்கிறான். கூட்டாளியே செய்தியைப் பரப்பினார். நம்ப முடியாத அளவுக்கு அது வேலை செய்தது. தெற்கூரில் உடனே சமாதானமானார்கள். யாருக்குத்தான் அடிதடிக்கு ஆசை? நம்புவதற்கு ஒரு காரணம் கிடைத்ததும் பிடித்துக்கொண்டார்கள். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன்.

சனிக்கிழமை சாயங்காலம் தம்பி போன் செய்தான்.

“யக்கா, அது ஏஐன்னு சொல்லுதாவ. ஊர்ல எல்லாரும் நம்பிட்டாவ. எனக்குத்தான் மனசு ஒப்பல. நீ வீட்லதான இருந்திருப்ப? நீ சொல்லு, நான் நம்புதேன்.”

ஆமாம், ஏஐதான் என்று சொன்னால் நாளைக்குக் கூட்டம் நல்லபடியாக முடியும். இல்லை என்று சொன்னால் இவரும் அவனும் கடலில் எதிரெதிரே நிற்க வேண்டியிருக்கும். ஆனால் ஊரே நம்பினாலும் போதாமல், என் வார்த்தைக்காகக் காத்திருக்கிறவனிடம் எப்படிப் பொய் சொல்வது? பக்கத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்த இவரிடம் போனை நீட்டினேன்.

“உங்க மச்சினன் கேக்கான். நீங்களே சொல்லுங்க.”

என்னை முறைத்தார். நானும் கையை மடக்கவில்லை. போனுக்குள் தம்பி “யக்கா, யக்கா” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில் வாங்கிக் காதில் வைத்தார்.

“மாப்ள, அது நான் பேசுனதுதான்.”

தம்பி போனை வைத்துவிட்டான். “ஏளா, போதுமா? நாளைக்கு அங்கன என் தலைய உருட்டட்டும்” என்று என்னிடம் கத்திவிட்டு இவர் வெளியே போனார். நான் உட்கார்ந்து அழுதேன். நல்லது செய்தேனா, குடியைக் கெடுத்தேனா என்று எனக்கே தெரியவில்லை.

மறுநாள் காலைப் பூசை முடிந்து கூட்டம் கூடியது. பெண்கள் நாங்கள் ஓரமாக நின்றோம். தம்பி முன்வரிசையில் இருந்தான், என் பக்கம் திரும்பவே இல்லை. சாமியார் பேச்சைத் தொடங்கி, “யாரோ பொய்யாத் தயாரிச்ச ஒரு ஆடியோவால...” என்றதும் இவர் எழுந்துவிட்டார்.

“சாமி, அது பொய்யில்ல. நான் பேசுனதுதான். வலை போன ஆத்திரத்துல பேசிட்டேன். என் பொண்டாட்டியும் அந்த ஊருதான், அவள வச்சிக்கிட்டே பேசுனேன். தப்புதான்.”

நாற்காலிகள் இழுபட்டன. தெற்கூர் ஆள் ஒருவர் கையை ஓங்கிக்கொண்டு வந்தார். தம்பிதான் பாய்ந்து அவரைப் பிடித்து நிறுத்தினான். ஓங்கிய கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு அவரே அதைத் தொங்கப்போட்டுவிட்டு, சாமியாரைப் பார்த்துச் சொன்னார்.

“மிதவைக் கயிறு எங்க மோட்டர்லதான் சுத்துச்சு சாமி. இருட்டுல தெரியல. தெரிஞ்ச பிறவு அறுத்து விட்டுட்டு வந்துட்டோம். கேட்டப்ப இல்லன்னுட்டோம்.”

அதற்கு மேல் பேச்சு சுலபமாகிவிட்டது. எங்கள் ஊர்க்காரர்கள் மிதவையில் மினுக்கு விளக்கு கட்டுவது, தெற்கூர் வள்ளங்கள் நண்டு வலை கிடக்கும் இடத்தைச் சுற்றிப் போவது என்று முடிவானது. அன்றைக்குப் பொய்யிலேயே சமாதானம் ஆகியிருந்தால், அந்தக் கயிற்றைப் பற்றி யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள்.

இதோடு முடிந்தது என்று நினைத்தோம். எங்கள் ஊரில் சிலருக்கு இவர் தலை குனிந்தது பிடிக்கவில்லை. “பொண்டாட்டி ஊருக்குப் பயந்துட்டான்” என்று கிண்டல் செய்தார்கள். தேர்தலுக்கு முந்தின நாள் இன்னோர் ஆடியோ சுற்றியது. ஆபீஸில் வைத்துத்தான் கேட்டேன்.

“சமாதானமெல்லாம் சும்மா நடிப்புதாம்ல. தேர்தல் முடியட்டும். அவனுவள கடல்ல வச்சிக் கவனிப்போம்.”

அவர் குரல்தான். அவர் இழுக்கும் இழுப்பு, நடுவில் வரும் செருமல், எல்லாம் அப்படியே. இத்தனை வருடம் கூட இருந்த எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. அவருக்குப் போன் போட்டு, “நீங்களா?” என்றேன். “ஏளா, நான் இல்ல” என்றார். அப்படியானால் குரூப்பில் மலை மாதிரிக் கிடக்கும் பழைய வாய்ஸ் மெசேஜ்களை வைத்து யாரோ ஏஐயில் செய்திருக்க வேண்டும். உடனே தம்பிக்குப் போட்டேன்.

“யக்கா, பதறாத. நாங்களும் கேட்டோம். ஒருத்தனும் கோவப்படல. பேசிருந்தா பேசுனேன்னு சொல்லுத ஆளு மச்சான். அன்னைக்கு அத்தன பேரு முன்னால சொன்னாரா இல்லையா?”

ஆபீஸ் என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன்.

தேர்தலில் இவர் தோற்றார். தெற்கூர் நம்பாத குரலை எங்கள் ஊரில் பாதிப் பேர் நம்பினார்கள். செய்தது யார் என்று இன்றுவரை தெரியாது. இவருக்கு வருத்தம் இல்லாமல் இல்லை, வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அந்த ஆடியோ சுற்றிய அன்றைக்கும் அடுத்த நாளும் இரண்டு ஊர் வள்ளங்களும் ஒரே கடலுக்குப் போய், எல்லாரும் முழுசாக வீடு திரும்பினார்கள்.

இப்போது போனில் யார் குரலைக் கேட்டாலும் எனக்குள் சந்தேகம் எழத்தான் செய்கிறது. அப்போதெல்லாம் இந்தக் குரல் நிஜமா என்று யோசிப்பதைவிட, இந்த ஆள் தான் செய்ததைச் செய்தேன் என்று சொல்கிறவரா என்றுதான் யோசிக்கிறேன்.