தினமும் வேலை போகும் ஹோட்டல்

அதியமான்கோட்டை பைபாஸ் ஓரத்து ஹோட்டலில் நான் பில் போடச் சேர்ந்த அன்றே ஒரு சப்ளையருக்கு வேலை போனது. தோசை ஆறிவிட்டதாம், காரில் வந்த ஒருவர் தட்டைச் சப்ளையர் முகத்திலேயே வீசினார். முதலாளி ஓடி வந்து சப்ளையர் மேல் பாய்ந்தார்: "உனக்கு இங்க வேலயே இல்ல, வூட்டுக்குப் போடா!"

பதறிப்போய்ப் பின்கட்டுக்கு ஓடினேன். சப்ளையர் போண்டா தின்றுகொண்டிருந்தார். "அந்தக் காரு போயிருச்சாங்க, இன்ஜினியரு தம்பி?"

ஊழியர் பாதுகாப்புக்கு முதலாளி கண்டுபிடித்த மகத்தான திட்டம் இதுதான். அடி வாங்கினவனை எல்லார் முன்னாலும் விரட்டுவது, அடித்தவர் ஏப்பம் விட்டுக் கிளம்பியதும் திரும்பக் கூப்பிடுவது. பொறியியல் படித்தவன் சும்மா இருப்பேனா? கூடத்தில் கேமரா, கல்லாவில் போலீஸ் நம்பர், கை ஓங்கியவருக்குப் பரிமாறக் கூடாது என்று முதலாளிக்கு லேப்டாப்பில் படம் போட்டே காட்டினேன்.

"கஸ்டமரு சாமி மாதிரி தம்பி. சாமிகிட்டப் போயி ரூல்ஸ் பேசுவியா?"

சாமி இலவச சாம்பார் மூன்றாவது தடவை கேட்டு மேசையைத் தட்டுமா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் போன் வந்து எழுந்துவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒகேனக்கல் போகிற கூட்டம். காபி தாமதம் என்று சட்டைக் கையை மடித்துவிட்ட ஓர் ஆள், பரிமாறிய அக்காவைக் கன்னத்தில் அறைந்துவிட்டார். முதலாளி வழக்கமான வசனத்தோடு வந்தார்.

"ஏம்மா, உனக்கு இனிமே இங்க வேல இல்ல. கெளம்பு!"

அக்கா பின்கட்டுக்குப் போகவில்லை. ஏப்ரனை அவிழ்த்து மடித்து வைத்தார். அறைந்தவருக்கு எதிர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"ஒரு காபிங்க. சர்க்கர கம்மியா."

"என்னம்மா வெளயாட்டு இது?"

"வேலதான் இல்லைன்ட்டீங்களே. இப்ப நானும் கஸ்டமருங்க. கஸ்டமர ஒருத்தரு கன்னத்துல அறஞ்சிருக்காரு. என்ன பண்ணப் போறீங்க?"

பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். முதலாளி என்னைப் பார்த்தார். நான் காபி எடுத்துவந்து அக்கா முன்னால் வைத்தேன்.

"சார், நீங்க கெளம்புங்க," என்றார் முதலாளி, தொண்டைக்குள்ளேயே.

"கேக்கலீங்க," என்றார் அக்கா.

"ஸ்டாஃப் மேல கை வச்சா இங்க சோறு கெடையாது! கெளம்புங்க சார்!"

அந்த ஆள் முணுமுணுத்துக்கொண்டே போனார். அக்கா காபியை முழுக்கக் குடித்த பிறகுதான் எழுந்தார். அதுவரை முதலாளி அந்த ஏப்ரனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

மறுநாள் கல்லாவில், பால்காரரிடம் அவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "நம்ம ஹோட்டல்ல ஸ்டாஃப் மேல கை வச்சா சோறு கெடையாதுங்க. ஆரம்பத்துல இருந்தே நம்ம ரூல்ஸ் அது."