கரை நாடாவும் விசில் சத்தமும்

பதினோரு ஆண்டுகள் ரயில்வே அணிக்குக் கூடைப்பந்து ஆடினேன். அதில் நான்கு ஆண்டு மாநில அணியிலும் இருந்தேன். பத்திரிகையில் ஏழு முறை என் படம் வந்தது. ஒன்றில் முகம் தெரியாது. இடது முழங்கால் இரண்டாம் முறை பிசகியதோடு ஆட்டம் முடிந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் காஞ்சிபுரம் ஸ்டேஷனுக்கு டிக்கெட் கொடுக்கும் வேலையில் வந்து சேர்ந்தேன்.

சும்மா இருக்க முடியவில்லை. பிள்ளையார்பாளையத்துப் பள்ளி மைதானத்தில் இரண்டு கம்பம் நட்டு, சாயங்காலங்களில் தெருப் பிள்ளைகளுக்கு ஆடக் கற்றுக்கொடுத்தேன். பதினான்கு பேர் வந்தார்கள். பந்து இரண்டு. அவற்றில் ஒன்று எப்போதும் காற்றுப் போய்க் கிடக்கும். அந்தக் கவலை தனி.

அந்தப் பதினான்கு பேரில் ஒரு நெசவாளியின் மகளும் இருந்தாள். பந்து கைக்கு வரும் முன்பே அது யாருக்குப் போக வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்துவிடும். மாநில இளையோர் அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வு எங்கள் மைதானத்திலேயே நடப்பதாக முடிவானது. தேர்வானால் சென்னையில் மூன்று வாரம் முகாம். அதிலும் தேறினால் கல்லூரியில் இடம். அவள் வீட்டில் அதுவரை யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை.

தடை தறியில் இருந்தது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று நெய்கிற சேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். தகப்பன் உடல் நாடாவை, அதாவது இழை சுற்றிய ஓடத்தை, எறிவார். பக்கத்தில் இருப்பவர் அதே அடியில் கரை நாடாவை எறிய வேண்டும். இரண்டு இழையும் கோத்துக்கொண்டால்தான் சேலை. ஒன்று தவறினால் கரைக்கும் உடலுக்கும் நடுவே ஓட்டை. கரை நாடா அவள் கையில் இருந்தது. தறியில் இருந்ததோ கல்யாணச் சேலை.

"பொண்ணு வந்துடுச்சுன்னா கரைய யாரு போடறது சார்? நீங்களா?" என்றார் தகப்பன்.

"நானே வந்து உட்காருகிறேன்" என்றேன்.

நூல் சுற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி சிரித்துவிட்டார். "இந்த ஒசரத்துக்குத் தறிய ரோட்டுலதான் போடணும்."

தேர்வு நாளில் லீவு போட்டுவிட்டுப் போனேன். அதற்கு முன் நான்கு நாள் காலையில் அவளே எனக்குப் பழக்கியிருந்தாள். தறிக்குழிக்குள் ஆறடி மூன்றங்குலத்தை மடக்கி இறக்குவதற்குள் முழங்கால் இரண்டு முறை சொடுக்கியது. நாடா போனது, வந்தது. முப்பது இழை வரை தவறில்லை.

அப்போது அடுத்த தெரு மைதானத்தில் விசில் ஊதினார்கள்.

விசில் கேட்டால் பந்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்பது என் உடம்பின் பழக்கம். கை நின்றது. அவர் தன் இழையைத் தறியில் அடித்துவிட்டார். கரையில் ஓர் இழை இல்லை.

"இன்னா சார்?"

"ஒன்றுமில்லை, விசில்..."

"அது அங்க ஊதுது. நீங்க இங்க நெய்துகினு இருக்கீங்க."

மறுபடி ஊதினார்கள். மறுபடி நின்றேன். வேண்டுமென்றே காதை அடைத்துக்கொள்ள நினைத்தாலும் கவனம் அங்கேதான் போனது. அவள் தவறு செய்தாளா, எதிராளியா, தள்ளி விட்டார்களா? பிற்பகல் வரை ஏழு விசில், ஏழு ஓட்டை. நின்று நின்று நெய்ததில் சேலை இரண்டு விரல்தான் வளர்ந்திருந்தது.

மூன்று மணிக்கு அவள் ஓடி வந்து வாசலில் நின்றாள். முழங்கையில் மண்.

"நைனா, என்னை எடுத்துட்டாங்க. ஆனா நீ வந்து நேர்ல சரின்னு சொல்லணுமாம். நாலு மணிக்கு அவங்க பஸ்ஸு. இல்லன்னா அடுத்த பொண்ணு பேரை எழுதிடுவாங்க."

தகப்பன் எழுந்திருக்கவில்லை. சேலையைக் காட்டினார். "மூணு வாரத்துக்கு உன்னை அனுப்பிட்டு நான் இவரை வெச்சுகினு இன்னா பண்றது? ஒரு நாளைக்கே ஜன்னல் வெச்சுட்டாரு. இத்தப் பிரிக்காம நான் எழுந்திருக்க மாட்டேன். வுட்டா பட்டு அப்படியே படிஞ்சு உக்காந்துக்கும், அப்புறம் பிரிக்க வராது."

என் ஏழு விசிலும் அந்தச் சேலையில் இருந்தன.

அவள் அழவில்லை. "நகருங்க சார்" என்றாள். நான் குழிக்குள்ளேயே ஒதுங்கிக்கொள்ள, இடைவெளியில் உட்கார்ந்து ஊடை என்கிற குறுக்கு இழைகளைப் பின்னோக்கிப் பிரிக்கத் தொடங்கினாள். அவர் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். முதல் ஓட்டை வரை பிரித்தார்கள். பிறகு நெய்தார்கள். நான் தவறவிட்ட ஏழு இடத்திலும் அவள் நாடா தயங்கவே இல்லை. சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று நாற்பதுக்கு ஏழாவது ஓட்டையும் அடைபட்டபோது வெளியே விசில் ஊதியது. அவள் கை நிற்கவில்லை. அவர் அதைக் கவனித்தார்.

கடைசி அடி அடித்துவிட்டு அவர் ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்தார். பொத்தானைப் போட்டுக்கொண்டே நடந்தார். அவள் அவருக்கு முன்னால் ஓடினாள்.

நானும் போக வேண்டும் என்று எழுந்தேன். முழங்கால் பூட்டிக்கொண்டது. குழியில் உட்கார்ந்தபடியே இருந்தேன். நாலு மணியும் அடித்தது, நாலேகாலும் ஆனது. தெருவில் பஸ் ஹாரன் கேட்டது. அவர் மனைவி மோர் கொடுத்தார்.

அவர் தனியாக வந்தார். சட்டையைக் கழற்றி மறுபடி ஆணியில் மாட்டினார்.

"சொன்னீங்களா?" என்றேன்.

"சொல்லிட்டேன். பஸ்ஸு காத்துகினு இருக்கு, அங்க இன்னும் அதுக்கு ஏதோ அளவெடுத்துகினு இருக்காங்க." தறியில் இறங்கி உட்கார்ந்தார். "மூணு வாரமும் விடியங்காட்டி வந்துடணும். டூட்டிக்குப் போறதுக்கு முன்னாடி நாலு மணி நேரம். காதுல பஞ்சு வெச்சுகினு வாங்க."