யாரையும் கூப்பிடாத வீடு

"நம்ம வேலைய நாமதான் பாத்துக்கோணும். ஒருத்தரையும் தொந்தரவு பண்ணப்படாது." அப்பா இதைச் சொல்லாத நாள் கிடையாது. இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. குன்னூர் மார்க்கெட்டில் ஸ்வெட்டர் கடை வைத்திருந்தவர், வாசலில் நிற்கிற ஆளை 'உள்ளே வாங்க' என்று கூப்பிடக்கூட யோசிப்பார்.

கல்லூரியில் சுயசார்புத் தத்துவப் புத்தகங்கள் என் கையில் சிக்கின. உன்னை நம்பு, கூட்டத்துக்குக் காது கொடுக்காதே, தனித்து நில் என்று போட்டிருந்தது. அடடா, நம் அப்பாவுக்கே அட்டை போட்டு விற்கிறார்களே என்று பூரித்துப்போனேன். நானும் தத்துவவாதி ஆனேன். பஸ் சன்னலை மூட முடியாதபோதும் பக்கத்து சீட்டுக்காரரைக் கேட்காமல் ஊட்டி வரை நடுங்கிக்கொண்டே போகிற அளவுக்கு முற்றிய தத்துவவாதி.

எங்கள் வீடு சரிவில் இருந்தது. வண்டி நிற்கிற ரோடு மேலே. அங்கிருந்து படிகள்தான். கேஸ் சிலிண்டரோ, பீரோவோ, கல்யாணப் பெண்ணோ, எதுவானாலும் அதில்தான் இறங்க வேண்டும். ஒரு மழைக்காலக் காலையில் அம்மா வாசலில் பாசி வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டாள். டாக்சி மேலே வந்து ஹாரன் அடித்தது. பக்கத்து வீட்டுப் பேக்கரிக்காரரைக் கூப்பிடச் சொன்னாள் அம்மா. பாவம், ராத்திரியெல்லாம் அடுப்படியில் வர்க்கி பிஸ்கட் போட்டுவிட்டு இப்போதுதான் படுத்திருப்பார், வேண்டாம் என்றார் அப்பா. நானும் தலையாட்டினேன்.

அம்மாவை முதுகில் ஏற்றிக்கொண்டேன். அப்பா பின்னால் குடை பிடித்தார். கொஞ்ச தூரத்திலேயே ஒரு படி தவறிச் சாய்ந்தேன். இறக்கி விடு, நீயும் விழுந்தால் உன்னைத் தூக்க வேறு ஆள் தேட வேண்டும் என்று முனகினாள் அம்மா. நனைந்த படியில் அவளை உட்கார வைத்தேன். வலி பொறுக்காமல் கத்தினாள்.

அப்பா குனிந்து, "சத்தம் போடாத. பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?" என்றார்.

எனக்கு உச்சி எரிந்தது. ஊர் என்ன நினைத்தால் எனக்கென்ன என்று புத்தகம் தனியாக நிற்கச் சொன்னது. ஊர் என்ன நினைக்குமோ என்று பயந்தல்லவா இந்த மனுஷர் இத்தனை காலம் தனியாக நின்றிருக்கிறார்! இரண்டையும் ஒன்றென்று நம்பி அலைந்த என்னை எதைக்கொண்டு அடிப்பது? புத்தகம் எழுதினவர்களைச் சொல்லவே வேண்டாம். அவர்கள் வீட்டுக்கெல்லாம் வாசல் வரை ரோடு போயிருக்கும்.

அம்மா எங்கள் இருவரையும் நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. "பாய்! கொஞ்சம் வாங்க!" என்று பக்கத்து வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

பேக்கரிக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மகன்களோடு ஓடி வந்தார். கூடவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் உட்கார வைத்து, நாற்காலிக் காலை ஆளுக்கொன்றாகப் பிடித்து, அம்மாவை டாக்சி வரை கொண்டுபோய்ச் சேர்த்தோம்.

"உங்களுக்கு ரொம்பச் சிரமம் குடுத்துட்டமுங்க" என்றார் அப்பா.

பேக்கரிக்காரர் முகம் சிவந்துவிட்டது. "சிரமமா? போன மாசம் எங்க ஊட்டு பீரோவ எறக்க மார்க்கெட்ல இருந்து ஆளக் கூட்டியாந்தனுங்க. பக்கத்துல ரெண்டு ஆம்பளைங்க இருக்கீங்க. எப்படிக் கூப்பிடறது? நீங்கதான் ஒருத்தரையும் கூப்பிட மாட்டீங்களே."

அப்பா குடையை மடக்கிக்கொண்டு முன் சீட்டில் ஏறினார். உறைத்திருக்கும் என்றுதான் நினைத்தேன். ஆஸ்பத்திரி வாசலில் டாக்சி நின்றதும் என் பக்கம் திரும்பி மெல்லச் சொன்னார்: "நாமளே தூக்கிக்கலாம்."

"யாராவது வாங்க!" என்று கத்தினேன். பிறந்ததிலிருந்து நான் கேட்ட முதல் உதவி அது. பழக்கமில்லாததால் சண்டைக்குக் கூப்பிடுவது மாதிரி ஆகிவிட்டது. ஸ்ட்ரெச்சரோடு வந்தவர்கள், முதலில் என்னைத்தான் அமுக்கிப் பிடித்தார்கள்.