சிவப்பு விளக்கில் சன்னாசி விட்ட வழி

சன்னாசிக்கு வழி விடுவதில் ஒரு கிறுக்கு உண்டு. ஆம்புலன்ஸோ போலீஸோ, எது விளக்கைச் சுழற்றிக்கொண்டு வந்தாலும் ஐம்பத்தேழு வயது மனுஷன் பதறிப்போய் லோரியை ஓரம் கட்டுவார். லோரி நிறைய, எண்ணெய் ஆலைக்குப் போகும் செம்பனைக் குலை. பின்னால் வரும் கார்க்காரர்கள் ஹார்ன் அடித்துத் திட்டுவார்கள். "திட்டட்டும் லா. அவன் வீட்டு ஆளு உள்ள படுத்திருந்தா தெரியும்" என்பார். ஜெராம் ஊர்ப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். முப்பத்தோரு வருஷமாக ஸ்டியரிங்கைத் தவிர வேறொன்றும் தெரியாது.

அந்தக் கிறுக்குதான் அவருக்கு வினை வைத்தது.

ஒரு நாள் காலை பத்தே முக்கால் இருக்கும். அசாம் ஜாவா சந்திப்பில் சிவப்பு விளக்கு. வரிசையில் முதல் வண்டி சன்னாசியுடையது. பின்னால் சைரன் அலறியது. கண்ணாடியில் பார்த்தால் சுங்கத்துறை வண்டி, கூரையில் விளக்கு சுற்றுகிறது. இடது பக்கம் பள்ளம், வலது பக்கம் கார்கள். குறுக்கே யாரும் வரவில்லை என்று பார்த்துவிட்டு, நிறுத்தக் கோட்டைத் தாண்டிப் போய் ஒதுங்கினார். சுங்கத்துறை வண்டி பறந்தது. தூண் மேலிருந்த கேமரா சன்னாசியைப் படம் பிடித்தது.

சம்மன் வந்தபோது அந்தப் படமும் கூடவே வந்தது. லோரியின் முகம், சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். பின்னால் வந்த வண்டியை லோரியே மறைத்துவிட்டது! சன்னாசியின் லைசென்ஸில் ஏற்கெனவே பழைய குற்றப்புள்ளிகள் இருந்தன. இதுவும் ஏறினால் லைசென்ஸ் முடங்கும். லைசென்ஸ் இல்லாத டிரைவரிடம் எந்த முதலாளி லோரியைக் கொடுப்பார்?

"ஊருக்கெல்லாம் வழி விடுறீங்களே, இப்ப உங்களுக்கு யாரு விடுவா?" என்று மனைவி புஷ்பா பொரிந்து தள்ளினாள். பிறகு அவளே சொன்னாள்: "போயி அந்தக் கஸ்தம்காரங்களையே, அந்தச் சுங்க ஆபீஸையே கேளுங்க. அவங்களுக்காகத்தானே தாண்டினீங்க?"

போனார். போன மனுஷன் சட்டைப் பையைப் பார்த்துக்கொண்டாரா? இல்லை. பையில் வழக்கமான சிகரெட் பெட்டி, வரி கட்டாதது. மலிவாகக் கிடைக்கிறதென்று தோட்டத்தில் பாதிப் பேர் ஊதுவது அதைத்தான். அதோடு சுங்கத்துறை வாசலை யாராவது மிதிப்பார்களா?

அங்கே அவரை விசாரித்தவர் தனேஸ்வரி, முப்பது வயதைத் தாண்டிய அதிகாரி. ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டினார். கூரை விளக்கைப் போட்டால் எத்தனை மணிக்கு, எங்கே, எதற்கு என்று வண்டி ஓட்டியவர் எழுதியாக வேண்டும் என்பது அந்த அலுவலக வழக்கம்.

"இருக்கு அங்கிள். பத்து நாப்பத்து நாலு, அசாம் ஜாவா. நான்தான் ஓட்டினேன். அந்தச் செம்பனைப் பழ லோரி நீங்கதானா? அன்னிக்கு ரோட்டுல ஒருத்தனும் அசையல, நீங்க மட்டுந்தான் வழி விட்டீங்க."

சன்னாசிக்கு உயிர் வந்தது. தனேஸ்வரி கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஆனா சிவப்புல போற அனுமதி எங்க வண்டிக்குத்தான். நாங்களே ரெண்டு பக்கமும் பாத்துத்தான் போகணும். வழி விடணும், அதுக்காக நீங்க கோட்டைத் தாண்டலாமான்னு கோர்ட்டுதான் சொல்லணும். நடந்ததை லெட்டரா எழுதித் தரச் சொல்லி மேலே கேக்குறேன்." சொல்லிக்கொண்டே வந்தவரின் பார்வை சட்டைப் பையில் நின்றது. "அது என்ன அங்கிள்?"

சன்னாசியின் கை தானாகப் பையைப் பொத்தியது.

"அன்னிக்கு நான் துரத்தினது ஒரு வேனை. வேன் நெறைய இதே பெட்டிதான்."

அடப்பாவமே! தான் ஊதும் சிகரெட்டைப் பிடிக்கப் போனவர்களுக்குத் தானே வழி விட்டிருக்கிறார். கீழே கிடந்தது என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தார். மனசு வரவில்லை.

"என்னுதுதான்மா. காசு கொடுத்துதான் வாங்கினேன்."

பெட்டி பறிமுதலானது. மேலதிகாரி கால்மணி நேரம் வாங்கு வாங்கென்று வாங்கி, எச்சரித்து அனுப்பினார். கடிதத்தைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை.

"உதவி கேக்கப் போயி மாட்டிக்கிட்டு வந்த ஒரே ஆளு நீங்கதான்" என்று புஷ்பா தலையில் அடித்துக்கொண்டாள். மூன்று வாரம் கடிதம் வரவில்லை.

வழக்கு நாளன்று கோலா சிலாங்கூர் நீதிமன்றத்தில் அவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தபோது, சீருடையில் வந்து நின்றார் தனேஸ்வரி, கையில் அந்தப் புத்தகம். "லெட்டர் கையெழுத்துக்கு அலையுது அங்கிள். அனுமதி வாங்கிட்டு நானே வந்துட்டேன்."

தனேஸ்வரி நடந்ததைச் சொல்லி முடித்ததும் மாஜிஸ்திரேட் அம்மையார் கேட்டார்: "இவர் உங்களுக்கு உறவா? தெரிந்தவரா?"

"இல்லை, புவான் மாஜிஸ்திரேட். இவரிடம் வரி கட்டாத சிகரெட்டைப் பறிமுதல் செய்தவளே நான்தான்."

நீதிமன்றமே சிரித்தது. சன்னாசிக்கு முகம் சிவந்து போனது. ஆனால் அதற்குப் பிறகு அந்தச் சாட்சியை யாரும் சந்தேகப்படவில்லை.

மாஜிஸ்திரேட் சன்னாசி பக்கம் திரும்பினார். "என்ன அவசரம் என்று தெரியாமலே ஏன் தாண்டினீர்கள்?"

"கேட்டுட்டுத்தான் வழி விட முடியுமா, புவான்? அவசரம்னு விளக்கு போட்டு வராங்க, நம்பித்தான் ஆகணும்" என்றார் சன்னாசி, தனக்குத் தெரிந்த மலாயில். "கோட்டைத் தாண்டினது தப்புதான். வேற எடம் இல்ல."

சம்மன் தள்ளுபடி ஆனது. அடுத்த முறை கோட்டைத் தாண்டாமல் வழி விடப் பாருங்கள் என்றார் மாஜிஸ்திரேட். வெளியே வந்த சன்னாசி தூணைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். தனேஸ்வரி அவர் சட்டைப் பையை எட்டிப் பார்த்தார். இஞ்சி மிட்டாய் இருந்தது. ஒன்றை எடுத்துக்கொண்டார்.

இப்போதெல்லாம் சிவப்பு விளக்கில் சன்னாசி கோட்டுக்கு ஒரு லோரி நீளம் பின்னாலேயே நிறுத்திவிடுகிறார். "முன்னால எடம் கெடக்கே, தூங்குறியா?" என்று கார்க்காரர்கள் ஹார்ன் அடிக்கிறார்கள். போன வாரம் அசாம் ஜாவாவில் அப்படித்தான் அடித்துக்கொண்டிருந்தபோது பின்னால் சைரன் கேட்டது. சன்னாசி நிதானமாக சிக்னல் போட்டு, விட்டு வைத்திருந்த அந்த இடத்துக்குள், பள்ளம் முடியும் ஓரமாக, லோரியை நகர்த்தி ஒதுக்கினார். சக்கரம் கோட்டைத் தொடவில்லை. எந்த வண்டி போகிறது என்று அவர் பார்க்கவே இல்லை.