ஒரு பூவும் தராத கிளாக்கர்

ஓர்ஸ் ஹில்லில் எங்கள் பக்கத்து வீட்டில் துறைமுகக் கந்தோரில் எழுத்து வேலை பார்த்த கிளாக்கர் ஒருவர் இருந்தார். ஒல்லியான மனிதர், சட்டைப் பை மட்டும் விதைப் பொட்டலங்களால் தொங்கும். பின்னேரமானால், தொட்டதும் வெடிக்கிற காசித்தும்பைக் காய்களின் கீழே கையை ஏந்தியபடி குந்தியிருப்பார்.

வேலி நிறையப் பூ. வெள்ளிக்கிழமை சாமிப் படத்துக்கு ஒன்று கேட்டேன்.

"ஏலாது தம்பி. பூவைப் பிடுங்கினால் விதைக்கு எங்க போறது? விதை தாறன், கொண்டு போங்கோ."

"சாமிக்கு விதையையா வைக்கிறது?"

"அவருக்கு என்ன அவசரம்?"

எரிச்சலோடு வாங்கி வந்து விதைத்தேன். அவர் மாற்றலாகிப் போய்விட்டார். செடிகள் வருடாவருடம் தாமாகவே முளைத்துப் பூக்கின்றன. மனைவி பறிக்கக் கை நீட்டினால் என் வாய் முந்திக்கொள்கிறது: "பொறும், காய் முத்தட்டும்."

படம் வெறுமையாகத்தான் தொங்குகிறது. அந்த மனிதரை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.